மனவடுவுற்ற இளைஞருக்கு வழித்துணை

ஆன்மா லயிக்கும் இடம் ஆலயம் எனப் பெரியோர் கூறுவர். ஈழத்துச் சைவக் கிராமங்களில் ஆலயம் வழிபாட்டிடமாக மட்டுமன்றி, ஊரவர் ஒருவரையொருவர் கண்டு சுகம் விசாரிக்கும் முற்றமாகவும் விளங்கி வந்துள்ளது. துடக்குக் கழிந்த குழந்தையை முதன்முதலிற் கொண்டு செல்லும் இடமும், விஜயதசமியன்று ஏடு தொடக்கும் இடமும், கலியாணத்துக்கு முன்னும் பின்னும் சென்று கும்பிடும் இடமும் அதுவே. அந்த முற்றத்திலே திருவிழாக் காலத்தில் வாகனம் தூக்கவும் தேர் வடம் பிடிக்கவும் முன்வரும் இளைஞர்களிற் பலர், சுவாமியின் பாரத்தோடு வெளியே தெரியாத வேறொரு பாரத்தையும் சுமந்து நிற்கின்றனர்.

உள்நாட்டுப் போர் 2009 ஆம் ஆண்டு மே மாதத்தில் முடிவுற்றது. அப்போது ஐந்து வயதாயிருந்த பிள்ளை இன்று இருபது வயதைக் கடந்த இளைஞன். 2004 ஆம் ஆண்டு டிசெம்பர் 26 ஆம் திகதி ஆழிப்பேரலை கரையை விழுங்கியபோது தாயின் கையிலிருந்து வழுவிய குழந்தையும் இன்று வளர்ந்த ஆண்மகன். இவ்விரண்டுக்கும் பின்னர் பிறந்தோரிலும், தந்தையின் குடியும் அடியும், பெற்றோரின் பிரிவும், சிறுவயதில் நேர்ந்த துஷ்பிரயோகமும் தந்த காயத்தோடு வளர்ந்தவர்கள் இருக்கின்றனர். இவர்களுக்குக் கிராமத்துப் பெரியவர்கள் எவ்வாறு வழித்துணையாக நிற்கலாம் என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மனவடு என்பது யாது?

உடலிற் பட்ட காயம் ஆறினாலும் தழும்பு எஞ்சுவது போல, தாங்க இயலாத அச்சமோ இழப்போ உளத்தில் விட்டுச் செல்லும் தழும்பே மனவடு எனப்படுகின்றது. யாழ்ப்பாணத்தில் நீண்ட காலம் பணியாற்றிய உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் அவர்கள் போர் எமது மக்களின் உளத்தில் ஏற்படுத்திய பாதிப்பை ஆராய்ந்து எழுதிய ‘ஸ்கார்ட் மைன்ட்ஸ்’ என்னும் ஆங்கில நூல் 1998 இல் வெளிவந்தது. தனிமனிதர் மட்டுமன்றிக் குடும்பமும் ஊருமே காயப்படும் நிலையைக் ‘கூட்டு மனவடு’ என்னும் கருத்தின் மூலம் அவர் பின்னர் விளக்கினார். நம்பிக்கை குலைதல், ஒருவரையொருவர் சந்தேகித்தல், பொதுக் காரியங்களிலிருந்து ஒதுங்குதல் ஆகியன அதன் அடையாளங்கள்.

மனிதனின் மூளையில் ஆபத்தை உணர்ந்து எச்சரிக்கும் பகுதியொன்று உண்டு. அமிக்டலா என்பது அதன் பெயர். பாம்பைக் கண்டதும் யோசிப்பதற்கு முன்னரே கால் பின்வாங்குவது அதன் செயலாலேயே. ஆபத்து வரும்போது எதிர்த்தல், ஓடுதல், உறைந்து போதல் ஆகிய மூன்றில் ஒன்றுக்கு உடல் ஆயத்தமாகும். ஆபத்து நீங்கியதும் இந்த எச்சரிக்கை அடங்க வேண்டும். ஆனால் மூளை வளரும் பருவத்திலே மாதக்கணக்காக, வருடக்கணக்காக அச்சத்தில் வாழ்ந்த பிள்ளைக்கு அந்த மணி எளிதில் ஓய்வதில்லை. கதவு பலமாகச் சாத்தப்பட்டாலும் நெஞ்சு படபடக்கும். நடந்தது என்றோ முடிந்துவிட்டது என அறிவு சொன்னாலும் உடல் அதனை நம்ப மறுக்கும். இதனைக் கோழைத்தனம் என்றோ பிடிவாதம் என்றோ கொள்வது தவறு.

சிறுவயதுத் துன்பங்கள் பல சேரச் சேர, வளர்ந்த பின் உடல் நோயும் உளநோயும் போதைப் பழக்கமும் ஏற்படும் வாய்ப்பு படிப்படியாக உயர்கின்றது என்பதை அமெரிக்காவின் சான் டியாகோ நகரில் மேற்கொள்ளப்பட்டு 1998 இல் வெளியான பேராய்வு காட்டியது. யாழ்ப்பாணப் பாடசாலைப் பிள்ளைகளிடம் மேற்கொள்ளப்பட்டு 2008 இல் வெளியான ஆய்வொன்றோ, போர் அனுபவமும் தந்தையின் மதுப்பழக்கமும் வீட்டில் பிள்ளை அடிபடுவதோடு தொடர்புடையவை எனக் கண்டது. வெளியே நடந்த போர் வீட்டுக்குள்ளும் புகுந்தது என்பதே இதன் பொருள். போரிலே காயப்பட்ட தந்தை குடித்தான். குடித்த தந்தை பிள்ளையை அடித்தான். அடிபட்ட பிள்ளை இன்று தானும் ஒரு தந்தையாகும் வயதில் நிற்கின்றான். இச்சங்கிலி எங்கேனும் ஓரிடத்தில் அறுபட வேண்டும்.

இளைஞரிடம் அது வெளிப்படும் விதம்

பெண்பிள்ளை அழுதால் தாய் அணைத்துக்கொள்வாள். ஆண்பிள்ளை அழுதால், “ஆம்பிளைப் பிள்ளை அழுறதோ?” என்று கேட்பதே வழக்கம். ஆகவே ஆண்பிள்ளையின் துயரம் கண்ணீராக வெளிவர வழியின்றி வேறு உருவங்களை எடுக்கின்றது. சிறு சொல்லுக்கும் பொங்கும் கோபம், மோட்டார் சைக்கிளில் கண்மண் தெரியாத வேகம், இரவில் உறக்கமின்மை, கெட்ட கனவு, எந்த வேலையிலும் சில வாரங்களுக்கு மேல் நில்லாமை, மதுவும் கஞ்சாவும் ஐஸ் போன்ற போதைப்பொருள்களும், யாரையும் நம்பாமை, எதிர்காலத்தைப் பற்றிப் பேசவே விரும்பாமை என்பன அவற்றுட் சில. ஊரார் கண்ணுக்கு இவையெல்லாம் ‘கெட்டுப்போன பெடியன்’ என்ற ஒரே பெயராகத் தோன்றும்.

ஆலய வீதியிலேயே இதனைக் காணலாம். பத்து நாளும் முன்னின்று தோரணம் கட்டி, மடப்பள்ளிக்குத் தண்ணீர் சுமந்து, வாகனம் தூக்கும் இளைஞன் ஒருவன், வாணவேடிக்கை தொடங்கும் வேளையில் மட்டும் காணாமற் போவான். வெடிச் சத்தம் ஓய்ந்து நெடுநேரம் சென்ற பின் திரும்பி வருவான். எங்கே போனாய் என்று கேட்டால் சிரித்து மழுப்புவான். அவன் வேலைக்குக் கள்ளமிட்டவன் அல்லன். பதுங்கு குழியில் காதைப் பொத்திக்கொண்டிருந்த குழந்தை அவனுக்குள் இன்னும் இருக்கின்றது. இதனைக் கண்டுகொள்ளும் ஒரு பெரியவர் ஊரில் இருந்தால், வழித்துணையின் முதற்படி அங்கேயே தொடங்கிவிடும்.

புராண இதிகாசங்கள் காட்டும் மூன்று பிள்ளைகள்

சிறுவயதிற் காயப்பட்ட பிள்ளைகளைப் பற்றிப் புராண இதிகாசங்கள் ஆழமாகப் பேசியுள்ளன.

முதலாவது பிள்ளை துருவன். உத்தானபாத மன்னனின் மடியில் ஏற முயன்ற ஐந்து வயதுக் குழந்தையைச் சிற்றன்னையாகிய சுருசி கடுஞ்சொல் கூறி விலக்கினாள். தந்தை பார்த்துக்கொண்டிருந்தானேயன்றி ஒரு சொல்லும் கூறவில்லை. பாகவதம் கூறும் வரலாற்றின்படி, காட்டுக்குப் புறப்பட்ட குழந்தையை நாரதர் வழியிற் சந்திக்கின்றார். சிறுபிள்ளைக்கு மானம் என்ன, அவமானம் என்ன, வீட்டுக்குத் திரும்பு என்பதே அவருடைய முதல் அறிவுரை. அந்த அறிவுரை தன் நெஞ்சில் ஏறவில்லை எனத் துருவன் வெளிப்படையாகக் கூறுகின்றான். நாரதர் சினக்கவில்லை. அவனுடைய காயத்தின் ஆழத்தை உணர்ந்து, செல்ல வேண்டிய இடத்தையும் செய்ய வேண்டிய சாதனையையும் காட்டிக்கொடுத்தார். முதலிற் சொன்ன புத்திமதி பொருந்தவில்லை என்றால் அதனை மாற்றிக்கொள்ளும் பணிவு வழிகாட்டுவோருக்கு வேண்டும். துருவன் அரசனான பின்னரும் தம்பி உத்தமன் யட்சனால் கொல்லப்பட்டபோது அவனுடைய கோபம் எல்லை கடந்தது. குற்றமற்ற யட்சரையும் அவன் கொன்று குவித்தான். அப்போது பாட்டனாராகிய சுவாயம்புவ மனு வந்து தடுத்து ஆற்றினார். பழைய காயம் ஒரே நாளில் மறைவதில்லை. வழித்துணையும் ஒருமுறையோடு முடிவதில்லை என்பது இதனால் விளங்கும்.

இரண்டாவது பிள்ளை கர்ணன். பிறந்த அன்றே ஆற்றில் விடப்பட்டவன். வளர்த்த பெற்றோர் அன்போடு வளர்த்தனர். ஆயினும் அஸ்தினாபுரத்து அரங்கிலே அவனுடைய குலம் கேட்கப்பட்டுத் தலைகுனிந்து நின்ற வேளையில், பெரியோர் பலர் இருந்தும் எவரும் அவன் தோளில் கைவைக்கவில்லை. கைவைத்தவன் துரியோதனன் ஒருவனே. அங்க நாட்டைக் கொடுத்து அவனை அரசனாக்கினான். அந்த நன்றிக்காகக் கர்ணன் அநீதியின் பக்கம் நின்று உயிரையும் கொடுத்தான். காயப்பட்ட இளைஞன் முதலிற் கைகொடுப்பவனோடு போய்விடுவான் என்னும் உண்மையை இதைவிடத் தெளிவாகக் கூற இயலாது. இன்று சந்தியில் நின்று போதைப்பொருள் விற்பவனும், வாள்வெட்டுக் குழுவுக்கு ஆள் சேர்ப்பவனும் அவ்வாறே பேசுகின்றனர். “உன்னை நான் மதிக்கிறேன்” என்பதே அவர்களது முதற் சொல். நல்லோர் அச்சொல்லைச் சொல்லத் தாமதித்தால் மற்றவர்கள் முந்திக்கொள்வர்.

மூன்றாவது பிள்ளை மருணீக்கியார். திருவாமூரிலே புகழனாருக்கும் மாதினியாருக்கும் மகனாகப் பிறந்து, இளமையிலேயே தாய் தந்தையரை அடுத்தடுத்து இழந்தார். தமக்கையார் திலகவதியாருக்கு மணம் பேசப்பட்டிருந்த கலிப்பகையார் போர்க்களத்தில் மாண்டார். திலகவதியாரும் உயிர்விடத் துணிந்தபோது, எஞ்சிய ஒரே துணையும் போய்விட்டால் தாம் முன்னரே உயிர் துறப்பதாகத் தம்பியார் அழுதார். தம்பியின் பொருட்டுத் தமக்கையார் உயிர் தாங்கினார். போரும் மரணமும் ஒரு வீட்டில் இரு இளையோரை மட்டும் விட்டுச் செல்வது ஈழத்தவர்க்கு அந்நியமான கதையன்று.

பெரியபுராணம் கூறும் பின்வரலாறு வழித்துணைக்கு முழுமையான இலக்கணமாக அமைகின்றது. வளர்ந்த தம்பியார் நிலையாமையை எண்ணி, விடை தேடிச் சமண சமயத்தை அடைந்து தருமசேனர் எனப் பெயர் பெற்றார். தமக்கையார் அவரைத் துரத்திச் சென்று வாதிடவில்லை, வெறுத்து ஒதுக்கவுமில்லை. திருவதிகையில் தங்கி, ஆலயத்தை அலகிட்டு மெழுகி, மலர் மாலை தொடுத்து, தம்பிக்காக நாள்தோறும் வேண்டினார். சூலை நோயால் வருந்திய தம்பியார் ஆள் அனுப்பி அழைத்தபோது, தாம் அங்கு வருதல் இயலாது என எல்லையையும் தெளிவாகக் கூறினார். இரவோடிரவாகத் தம்பியார் தேடி வந்தபோதோ, இத்தனை காலமும் எங்கே போனாய் என்று கேட்கவில்லை. திருவைந்தெழுத்தோதித் திருநீறளித்துக் கைகொடுத்துத் திருக்கோயிலுக்கு அழைத்துச் சென்றார். அந்தத் தம்பியாரே திருநாவுக்கரசராகி, கையில் உழவாரப் படையேந்தித் தலந்தோறும் தொண்டு செய்தார். நிலைத்து நிற்றல், எல்லை அறிதல், வந்தபோது ஏற்றுக்கொள்ளல், தொண்டில் ஈடுபடுத்தல் ஆகிய நான்கும் திலகவதியார் காட்டிய வழியாகும்.

ஒரு பெரியவரின் துணை

ஹவாய்த் தீவுகளுள் ஒன்றான கவாயில் 1955 இல் பிறந்த 698 குழந்தைகளை எமி வேர்னர் என்னும் உளவியலறிஞரும் அவருடன் பணியாற்றியோரும் நாற்பது வயது வரை தொடர்ந்து ஆராய்ந்தனர். வறுமை, குடும்பச் சண்டை, பெற்றோரின் குடி அல்லது உளநோய் எனப் பல துன்பங்களுக்கிடையே வளர்ந்த பிள்ளைகளில் மூன்றில் ஒரு பங்கினர் ஆற்றலும் அன்பும் மிக்க மனிதர்களாக வளர்ந்திருந்தனர். அவர்களைக் காத்த காரணிகளுள் முக்கியமான ஒன்று, பெற்றோரோ பாட்டன் பாட்டியோ ஆசிரியரோ அயலவரோ, தம்மை உண்மையாக நேசித்த பெரியவர் ஒருவரேனும் இருந்தமையாகும். வாலிப வயதில் தடம் புரண்டவர்களிலும் பெரும்பாலானோர் முப்பது, நாற்பது வயதுக்குள் மீண்டெழுந்திருந்தனர். படிப்பும் தொழிலும் நல்ல இல்லறமும் சமயச் சமூகமும் அதற்குத் துணைபுரிந்தன. காலம் கடந்துவிட்டது என்று எந்த இளைஞனையும் கைவிடலாகாது என்பதற்கு இது நல்ல சான்று.

நியூயோர்க் நகரில் 1904 இல் ஏர்னஸ்ட் கூல்டர் என்னும் நீதிமன்ற எழுதுவினைஞர், நீதிமன்றத்துக்குக் கொண்டுவரப்படும் சிறுவர் ஒவ்வொருவருக்கும் ஒரு நல்ல பெரியவர் அண்ணனாக நின்றால் அவர்கள் திருந்துவர் எனக் கூறிப் பலரையும் திரட்டினார். அதிலிருந்து வளர்ந்த இயக்கத்தின் பயன் 1995 இல் வெளியான ஆய்வொன்றிற் பரிசோதிக்கப்பட்டது. பத்து முதல் பதினாறு வயது வரையிலானோரில் வழித்துணை கிடைத்தோர், கிடைக்காதோரைவிடப் போதைப்பொருளைத் தொடங்குவது 46 சதவீதம் குறைவாக இருந்தது; பிறரை அடிப்பதும் ஏறத்தாழ மூன்றிலொன்று குறைந்தது. ஆனால் 2002 இல் வெளியான மற்றோர் ஆய்வு ஓர் எச்சரிக்கையையும் தந்தது. ஒரு வருடத்துக்கு மேல் நீடித்த உறவுகளே பெரும் பயன் தந்தன. மூன்று மாதத்துக்குள் முறிந்த உறவுகளால் பிள்ளைகளின் தன்மதிப்பு முன்னையிலும் தாழ்ந்தது. ஏற்கெனவே கைவிடப்பட்ட பிள்ளையை மீண்டும் கைவிடுவது புண்ணிற் குத்துவதாகும். ஆகவே ஒரு வருடமேனும் நிற்க முடியாதவர் இப்பணியைத் தொடங்காதிருப்பதே நன்று.

வழித்துணையின் மூன்று படிகள்

ஜூடித் ஹேர்மன் என்னும் உளமருத்துவர் 1992 இல் வெளியிட்ட நூலில் மனவடு ஆறுதலை மூன்று படிகளாக வகுத்தார். அவை பாதுகாப்பு, நினைத்துத் துக்கித்தல், வாழ்வோடு மீள இணைதல் என்பன. அவற்றைக் கிராமத்து வாழ்வுக்கு ஏற்பப் பின்வருமாறு கொள்ளலாம்.

முதற்படி பாதுகாப்பு. சொன்ன நாளில் சொன்ன நேரத்துக்கு வருதலே இதன் அடிப்படை. வெள்ளிக்கிழமைப் பூசைக்குப் பின் அரைமணி நேரம் என்று கூறினால், மழை பெய்தாலும் வரவேண்டும். இருவரும் முகத்தை முகம் பார்த்துக்கொண்டிருந்து பேசுவது பல இளைஞர்களுக்குக் கடினம். தோட்டத்துக்குத் தண்ணீர் கட்டும்போதும், வலை சீர்செய்யும்போதும், மேசன் வேலையில் கூட நிற்கும்போதும், சைக்கிளைப் பழுதுபார்க்கும்போதும் பேச்சு தானாக வரும். அவன் பேசாத நாளில் பேசாமலே கூட இருத்தலும் துணைதான். நெஞ்சு படபடக்கும்போது மூச்சை மெதுவாக உள்ளெடுத்து, அதனிலும் மெதுவாக வெளிவிடப் பழக்கலாம். பிராணாயாமம், மந்திர செபம், சாந்தியாசனம் போன்ற மரபுவழிப் பயிற்சிகளை வடபகுதியில் உளசமூகப் பணியாளர்கள் உளச் சிகிச்சையின் ஓர் அங்கமாகவே பயன்படுத்தியுள்ளனர். பாட்டன்மார் அதிகாலையில் செய்தவை இன்று மருந்தாகவும் உதவுகின்றன.

இரண்டாம்படி நினைத்துத் துக்கித்தல். இதற்குரிய நேரத்தைத் தீர்மானிப்பவன் இளைஞனே. அவன் தானாகச் சொல்லத் தொடங்கினால் இடைமறியாது கேட்டல் வேண்டும். இறந்தோரை நினைவுகூரச் சைவ மரபு அழகிய வழிகளை வகுத்துள்ளது. தந்தையை இழந்தவனுக்கு ஆடி அமாவாசை, தாயை இழந்தவனுக்குச் சித்திரா பூரணை. கீரிமலையிலும் மட்டக்களப்பு மாமாங்கத்திலும் ஆடி அமாவாசையன்று பிதிர்க்கடன் செலுத்தக் கூடும் ஆயிரக்கணக்கானோர் நடுவே நிற்கும் இளைஞன், தன் துக்கம் தனக்கு மட்டுமே உரியதன்று என உணர்வான். அவனை முதன்முறை அங்கு அழைத்துச் செல்ல ஒரு பெரியவர் வேண்டும். காணாமற் போனோரின் பிள்ளைகள் விடயத்தில் மிகுந்த கவனம் தேவை. தந்தை இருக்கின்றாரோ இல்லையோ என்ற கேள்விக்கு விடை கிடையாத வீட்டில், கடன் கழி என்று வற்புறுத்துவதும், கட்டாயம் வருவார் என்று உறுதி கூறுவதும் பிழையாகும். அந்தத் தெரியாமையோடு அவன் வாழ்வதற்குத் துணைநின்றாற் போதும்.

மூன்றாம்படி மீளிணைதல். பெறுபவனாக மட்டுமிருந்த இளைஞன் கொடுப்பவனாக மாறும் நிலை இது. தொழிற்பயிற்சி நிலையத்தில் மின்னிணைப்போ தச்சோ பயில வழி செய்தல், முதற் சம்பளம் பெறும்வரை உடனிருத்தல், விளையாட்டுக் கழகத்தில் சிறுவர்களைப் பழக்கும் பொறுப்பை ஒப்படைத்தல், அறநெறிப் பாடசாலையில் சிறுபிள்ளைகளுக்குப் பண்ணிசையோ மிருதங்கமோ சொல்லிக்கொடுக்கச் செய்தல் ஆகியன பயன் தரும். மட்டக்களப்பில் 1996 இல் தொடங்கப்பட்ட வண்ணத்துப்பூச்சிப் பூங்காவில், போரினால் பாதிக்கப்பட்ட தமிழ், முஸ்லிம் பிள்ளைகள் ஓவியமும் கதையும் நாடகமும் களிமண் வேலையும் மூலமாக ஆறுதலடைந்தனர். வாயாற் சொல்ல முடியாததைக் கை சொல்லும் என்பது அங்கு கண்ட உண்மை.

தவிர்க்க வேண்டியவை

நடந்ததைச் சொல், சொன்னாற் பாரம் குறையும் என்று தோண்டிக் கேட்டலாகாது. ஆயத்தமில்லாத உளத்தைக் கிளறுவதால் நன்மை விளைவதில்லை என உலக சுகாதார நிறுவனமும் எச்சரித்துள்ளது. “உன்னைவிடக் கஷ்டப்பட்டவையும் இருக்கினம்” என ஒப்பிடுதலும், “எல்லாம் உன்ரை கர்மவினை” எனக் கூறுதலும் கூடாது. வினை பற்றிய சித்தாந்தம் ஒருவன் தன் வாழ்வைத் தானே சிந்திப்பதற்கு உரியது. அடிபட்ட குழந்தையின் மேல் அடித்தவனின் குற்றத்தைச் சுமத்துவதற்கு அதனைப் பயன்படுத்துதல் சமயத்துக்கே இழுக்காகும். சிறுவயதில் பாலியல் துஷ்பிரயோகத்துக்கு உள்ளான ஆண்பிள்ளைகள் வெட்கத்தால் வாழ்நாள் முழுவதும் வாய் திறவாதிருப்பதுண்டு. அவ்வாறு ஒருவன் சொன்னால், “நம்புகிறேன், இது உன்ரை பிழையில்லை” என்பதே அவன் முதலிற் கேட்க வேண்டிய சொல்.

கேட்டதை வெளியே சொல்லலாகாது. தேநீர்க்கடையிலும் கேணியடியிலும் ஒருவனுடைய கதை உலாவினால், அவனோடு ஊரிலுள்ள மற்ற இளைஞர்களும் வாயடைத்துப் போவர். எனினும் உயிருக்கு ஆபத்து அல்லது வேறொரு பிள்ளைக்கு ஆபத்து எனத் தெரிந்தால் இரகசியம் காப்பது தவறு. இந்த எல்லையைத் தொடக்கத்திலேயே இளைஞனிடம் கூறிவிட வேண்டும். பணம் கடன் கொடுத்தல், கடன் வாங்குதல், சேர்ந்து மது அருந்துதல், தம் வீட்டு வேலைக்குச் சம்பளமின்றிப் பயன்படுத்தல் ஆகியன உறவைக் கெடுக்கும்.

ஆலயம் செய்யக்கூடியன

பரிபாலன சபையினர் இதற்கெனப் பெருஞ் செலவு செய்ய வேண்டியதில்லை. நற்பெயரும் பொறுமையும் உடைய ஐந்தாறு பேரைத் தெரிவு செய்து, பிரதேச செயலகத்திலுள்ள உளவளத்துணை உத்தியோகத்தரையோ மாவட்ட வைத்தியசாலையின் உளநலப் பிரிவினரையோ அழைத்து அவர்களுக்கு அடிப்படைப் பயிற்சி அளிக்கலாம். தெரிவு செய்யும்போது மிகுந்த அவதானம் வேண்டும். பிள்ளைகளைத் துன்புறுத்தும் நோக்கமுடையோரும் நல்லவர் போல் வரக்கூடும். ஆகவே சந்திப்புகள் ஆலய மண்டபம், சனசமூக நிலையம், விளையாட்டுத் திடல் போன்ற திறந்த இடங்களில், மற்றவர் கண்ணுக்குத் தெரியும்படி நடைபெறுதல் வேண்டும். பதினெட்டு வயதுக்குட்பட்டோர் எனின் பெற்றோரின் அல்லது பாதுகாவலரின் சம்மதம் அவசியம். சிறுவர் துஷ்பிரயோகம் பற்றித் தெரியவந்தால் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929 என்னும் இலக்கத்துக்கு அறிவிக்கலாம்.

வாணவேடிக்கை நடைபெறும் நேரத்தை முன்கூட்டியே ஒலிபெருக்கியில் அறிவித்தல் சிறிய காரியம். அந்த அறிவித்தலே சிலருக்கு அன்றிரவு உறக்கத்தைத் தரும். வெடியைக் குறைத்து ஒளியைக் கூட்டுவது அதனிலும் நன்று. மாதமொருமுறை உழவாரப் பணி நடத்தி, முதியவரும் இளையவரும் ஒரே வரிசையில் நின்று வீதியைச் செதுக்கித் துப்புரவு செய்தால், அப்பரடிகள் காட்டிய தொண்டும் நிறைவேறும். புதிய உறவுகளும் அங்கு முளைக்கும். பாரம்பரியமாக ஒதுக்கப்பட்ட குடும்பங்களின் பிள்ளைகளுக்கும் அவ்வரிசையில் சம இடம் இருத்தல் வேண்டும். சாதியின் பெயரால் வாசலில் நிறுத்தப்பட்ட பிள்ளைக்கு அந்த ஆலயம் ஆறுதல் இடமாகாது. அதுவே இன்னொரு காயமாகும்.

வைத்தியசாலையை நாட வேண்டிய வேளை

வழித்துணைவர் வைத்தியர் அல்லர். உறக்கமின்மையும் அச்சமும் மாதக்கணக்கில் நீடித்தல், நடந்த சம்பவம் மீண்டும் கண்முன் நடப்பது போல் தோன்றுதல், வேலைக்கோ உணவுக்கோ எழ இயலாமை, போதைப்பொருளை விட முயன்றும் இயலாமை ஆகியன இருப்பின் உளமருத்துவரிடம் அழைத்துச் செல்ல வேண்டும். ‘விசர் ஆஸ்பத்திரி’ என்ற பழிச்சொல்லுக்கு அஞ்சி இளைஞன் தயங்குவான். “நானும் கூட வாறன் தம்பி” என்ற ஒரு வார்த்தை அத்தயக்கத்தைப் போக்கும். மருந்தும் திருநீறும் ஒன்றுக்கொன்று பகையல்ல.

சாகலாம் போலிருக்கின்றது என்று ஒருவன் கூறினால் அதனைப் பகிடியாக எடுக்கலாகாது. அந்த எண்ணம் உண்டா என நேரடியாகக் கேட்பதால் அவ்வெண்ணம் புதிதாக விதைக்கப்படுவதில்லை. கேட்பவர் உண்டு என்ற ஆறுதலே கிடைக்கும். அவனைத் தனியே விடாது, பூச்சிமருந்து முதலியவற்றை எட்டாத இடத்தில் வைத்து, வைத்தியசாலைக்குக் கொண்டு செல்ல வேண்டும். தற்கொலைக்கு முயல்வது 1998 முதல் இலங்கைச் சட்டத்திற் குற்றமாகக் கொள்ளப்படுவதில்லை. ஆகவே பொலிஸ் விசாரணைக்கு அஞ்சிச் சிகிச்சையைத் தாமதிக்க வேண்டியதில்லை. தேசிய மனநல உதவிச் சேவையை 1926 என்ற இலக்கத்தில் எந்நேரமும் அழைக்கலாம். 1995 அளவில் உலகிலேயே மிக உயர்ந்த தற்கொலை வீதங்களுள் ஒன்று இலங்கையில் இருந்தது. கொடிய பூச்சிமருந்துகள் தடைசெய்யப்பட்ட பின் அது பெருமளவு வீழ்ந்தது. கைக்கெட்டும் நஞ்சை அகற்றி அந்த ஒரு நாழிகையைத் தாண்ட உதவினால் உயிர் பிழைக்கும் என்பதை இந்நாட்டு அனுபவமே உணர்த்துகின்றது.

நிறைவாக

வழித்துணையாக நிற்போருக்கும் ஓய்வும் துணையும் வேண்டும். அவர்களிற் பலர் அதே போரையும் அதே அலையையும் கடந்தவர்களே. மாதமொருமுறை தமக்குள் கூடித் தம் பாரத்தையும் இறக்கிவைத்தல் நன்று. பலன் உடனே தெரியாதபோது மனந்தளராமை அவசியம். திலகவதியார் திருவதிகையில் விளக்கேற்றிக் காத்திருந்த நாள்களில், தம்பி திரும்பி வருவார் என்பதற்கு வெளிப்படையான அடையாளம் எதுவும் இருக்கவில்லை. எனினும் நாள்தோறும் அலகிடுவதை அவர் நிறுத்தவில்லை. தம்பி வந்த இரவில், அவர் அங்கே இருந்தார்.

ஆலயத்துக்கு இராசகோபுரம் எழுப்புவதும் தேர் செய்வதும் பெரும் புண்ணியம். அந்தத் தேரின் வடத்தைப் பிடிக்கும் கைகளில் ஒன்று நடுங்குவதைக் கண்டு, பக்கத்தில் நின்று தானும் வடம் பிடிப்பது அதற்குக் குறைந்த புண்ணியமன்று. காயப்பட்ட ஒவ்வொரு பிள்ளைக்கும் ஊரில் ஒரு பெரியவரேனும் கிடைக்க எல்லாம் வல்ல இறைவன் திருவருள் பாலிப்பாராக.

மேன்மைகொள் சைவநீதி ஓங்குவதாக. ஊர் வாழ்க, உயிரெல்லாம் இன்புறுக.